கறுத்தக்கொழும்பானும் கட்டிவைத்த நாயும்

வாசகர் கடிதம்

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

மாங்காய் ஆயும் நாளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை மறுபடி மறுபடி படித்தேன். நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவள். எட்டு வயதில் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டேன். அம்மம்மாவின் வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. காய் பிடுங்குகிற நாளில் ஒழுங்கையே அங்கே கூடிவிடும். எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். வீமன் என்ற எங்கள் நாய் மரத்தடியை விட்டு அசையாமல் காவல் இருக்கும்.

சென்ற ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வந்தோம். அந்த நாளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஆசையாக இருந்தது. மரத்தில் ஒரு காய் இல்லை. நிலத்தில் பழைய கொட்டைகள் கிடந்தன. பழம் எல்லாம் விழுந்து அழுகியதாம், ஆய ஆள் இல்லையாம். கடையில் வாங்கிய பழத்தில் சுவையே இல்லை. நாய்கள் மதிலுக்குள் சங்கிலியில் நின்று குரைக்கின்றன. ஊர்ச்சனம் சோம்பேறியாகிவிட்டதா?

அடுத்த கோடை விடுமுறைக்கும் வருகிறோம். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாளைக் கொடுக்க என்ன செய்யலாம்? நாய் மாம்பழம் சாப்பிடும் என்று நீங்கள் எழுதியது கற்பனைதானே என்று மகள் கேட்கிறாள்.

ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ளபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வி அது ஒன்றுதான். நாய் மாம்பழம் சாப்பிடும். எங்கள் ஊர் நாய்கள் நன்றாகவே சாப்பிடும். விழுந்த பழத்தைக் கவ்விக்கொண்டு முதலில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போகும். பெரும்பாலும் அது கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால், வாய்க்கால் ஈரம் காயாத மண்ணாக இருக்கும். அங்கே படுத்து, முன்னங்கால்கள் இரண்டாலும் பழத்தை அழுத்திப் பிடித்து, முன்பற்களால் தோலைக் கிழித்து ஒரு பக்கம் ஒதுக்கும். கறுத்தக்கொழும்பான் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருப்பதால் மனிதர்கள் அமுக்கியும் மணந்தும் பார்த்துத் தடுமாறுவார்கள். நாய் தடுமாறாது. சதை தீர்ந்த பிறகும் கொட்டையை விடாது; நார் வெளுக்கும்வரை நக்கிக்கொண்டிருக்கும். கொட்டையை விழுங்கிவிட்டால் மட்டும் குடலில் அடைத்துக்கொள்ளும், பிறகு மிருக வைத்தியர்தான் கதி. ரொறன்ரோவில் நாய் வளர்க்கிற சிநேகிதிகளுக்கு மகள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வீமன் காவல் இருந்தது என்கிறீர்கள். வீமனுடைய பெயரைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் காண்டாவனக் காலத்து நடுப்பகலில் எங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண் கால்வைக்க முடியாதபடி சுடும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்க வேண்டும். ஆகவே வளவிலேயே அடர்த்தியான நிழலைத் தேடி, மேல்மண்ணைப் பிறாண்டி எறிந்து, குளிர்ந்த மண் தெரிந்ததும் வயிற்றை அதில் வைத்துப் படுத்துவிடும். அந்த நிழல் மாமரத்தின் நிழலாக இருந்தது. இரவில் வௌவால் வந்தால் குரைக்கும், உண்மைதான். குரைப்புக்கு வௌவால் பயந்ததாக நான் கண்டதில்லை. அது பாதி தின்று நழுவவிடும் பழத்தைக் காலையில் யார் தின்றார் என்று வீமனைத்தான் கேட்க வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருவோம். அது முதலில் வேலை நாள். வெயில் ஏறுமுன் தொடங்கிவிட வேண்டும். தாழ்ந்த கிளைகளுக்குக் கொக்கத்தடி போதும். நுனியில் வலைப்பையைக் கட்டி, காயைப் பைக்குள் விழுத்தி இறக்குவார்கள். உச்சிக் கிளைக்கு ஆள் ஏற வேண்டும். அங்கே முசுறு இருக்கும். மா இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் அந்தச் சிவப்பு எறும்புகள் கடித்தால் மரத்தில் நிற்பவருக்குப் பிடியே தளர்ந்துபோகும். அதற்காகக் கையிலும் கழுத்திலும் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவார்கள். கூடு ஒன்று உடைந்து கீழே விழும்போது நாய் அதனடியில் நின்றால், பிறகு அந்த நாயை அன்று மாலைவரை மரத்தடியில் பார்க்க முடியாது. மணலில் புரண்டு, உதறி, வேலியில் இடைவெளியாக உள்ள பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்கு ஓடிவிடும். காயைக் காம்போடு முறிக்க வேண்டும். காம்பு போனால் பால் பீறிடும்; அது பட்ட தோல் காய்க்குக் கறுக்கும், மனிதருக்குப் புண்ணாகும். முறித்த காய்களைக் காம்பு கீழே இருக்கும்படி சாக்கில் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிடுவார்கள். அது வடிந்த பிறகுதான் வைக்கோல், கடகம், பங்கு எல்லாம்.

பங்கு என்றதும் உங்கள் வரி ஒன்று நினைவில் தைக்கிறது. எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம் என்கிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். மரத்தில் ஏறியவர் எங்கே இருந்து சாப்பிட்டார் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என் சிறுவயதில் எங்கள் வீட்டில் அவர் அடுக்களைப் பக்கம் வந்ததில்லை. வீட்டு ஆட்களுக்கு மூக்குப்பேணியில் தேநீர். அவருக்குக் கிடுகு வேலியில் செருகியிருந்த சிரட்டை. நாய் குசினி வாசல்வரை போய் வாலாட்டிவிட்டு வரும், அவர் முற்றத்தின் விளிம்பில் குந்தியிருப்பார். சாதியின் பெயரால் ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. சிரட்டை அதற்குப் பிறகும் நெடுங்காலம் வேலியில் இருந்தது. உங்கள் காலத்தில் அது தகரப்பேணியாக மாறியிருக்கலாம். பழைய நாள்களைப் பற்றி எங்கள் ஆட்கள் எழுதும்போது மாம்பழத்தின் இனிப்பு முழுவதும் வந்துவிடுகிறது, ஏறியவர் மட்டும் வருவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் மரத்தில் ஏற வரவில்லை என்றால் அதை நான் நட்டமாக நினைக்க மாட்டேன்.

சோம்பேறித்தனம் என்ற சொல்லையும் அதனால்தான் ஏற்க முடியவில்லை. ஊரில் ஒரு மரம் காய்த்தால் எல்லா மரமும் காய்க்கும். வைகாசியிலும் ஆனியிலும் திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் சந்தைகளில் மாங்காய் ஒரேயடியாகக் குவியும், விலை படுத்துவிடும். ஏறுபவருக்குக் கொடுக்கும் கூலியும் சந்தைக்குக் கொண்டுபோகும் ஓட்டோச் செலவும் சேர்ந்தால் பழத்தின் விலையைத் தாண்டிவிடுகிற நாள்கள் உண்டு. தோட்டமாக வைத்திருப்பவர்கள் பூக்கும்போதே மரத்தை வியாபாரிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள். லொறி வந்து ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடும். ஒற்றை மரம் நிற்கிற வளவுக்கு யாரும் அப்படி வருவதில்லை. வளவில் இருப்பதோ முழங்கால் வலியோடு எழுபது வயது தாண்டிய இரண்டு பேர், அல்லது யாருமே இல்லை. 2006 ஓகஸ்டில், போரின்போது, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபின் வந்த பருவத்தில் தரைவழியாக ஒரு கூடை பழம்கூட வெளியே போக வழியில்லாமல் இருந்தது. அப்போதும் அழுகியது. அப்போது யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.

நாய்களைச் சங்கிலியில் கண்டது உங்களுக்கு வருத்தம். எனக்கும்தான். முன்பு கிடுகு வேலியிலோ பனையோலை வேலியிலோ இரண்டு கதியால்களுக்கு இடையில் ஒரு பொட்டு இருக்கும். அடைக்க அடைக்க மறுபடி வரும். அயலுக்கு நெருப்புக் கேட்டும் கறி கொடுத்தும் பெண்கள் போய்வந்த வழி அது. நாய்க்கும் அதுவே வழி. ஒரே நாய்க்கு மூன்று வீட்டில் சாப்பாடு, மூன்று வீட்டிலும் மூன்று பெயர். யாருடைய நாய் என்ற கேள்வி அது யாரையாவது கடித்தால்தான் எழும். இப்போது வேலி இருந்த இடத்தில் மதில். மதில் கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதிலுக்கு வெளியே தார் வீதி, அதில் கண்மண் தெரியாமல் ஓடும் மோட்டார் சைக்கிள். அவிழ்த்துவிட்டால் அடிபடும், கட்டிவைத்தால் குரைக்கும்.

வீமன் கடைசியில் என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போரால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் கிளம்பிய இரவில் நாயைக் கூட்டிக்கொண்டு போகிற நிலைமையில் யாரும் இருக்கவில்லை. மறு வருடம் சித்திரையிலும் வைகாசியிலும் திரும்பியபோது எங்கள் ஒழுங்கையில் மாமரங்கள் ஆய ஆளின்றிக் காய்த்துத் தொங்கின. விழுந்த பழத்தைத் தின்று உயிர்பிழைத்த இரண்டொரு நாய்கள் நின்றன. கூப்பிட்டால் கிட்ட வராது, தூரத்தில் நின்று வாலை மட்டும் ஆட்டும்.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் பள்ளிக்கூடங்கள் யூன் மாதம் முடியும் நேரத்தில்தான் மூடுகின்றன. கறுத்தக்கொழும்பான் அதற்காகக் காத்திருக்காது. மாரி மழை ஓய்ந்த கையோடு பூத்து, வைகாசியிலும் ஆனியிலும் பழுத்து, ஆடியில் மிச்சம் சொச்சம்தான் கிடைக்கும். ஆவணியில் நீங்கள் வெறும் மரத்தைக் கண்டது ஊர் கெட்டதால் மட்டும் அல்ல, பருவம் முடிந்ததாலும்தான். அந்த மாதத்தில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வெளியூர்ப் பழம். முற்றாத காயைப் பிடுங்கிக் கல் வைத்துப் பழுக்க வைத்ததாகவும் இருக்கலாம். காபைட் கல் ஈரத்தோடு சேர்ந்தால் அசற்றிலீன் வாயு வரும். அது தோலின் நிறத்தை மாற்றும், இல்லாத இனிப்பைக் கொடுக்காது.

ஆகவே மாம்பழத்தை விடுங்கள். திருவிழாவுக்கு வருவதானால் பனம்பழத்துக்கு வாருங்கள். சோளகக் காற்று ஓயாத அந்த நாள்களில் பழம் விழுகிற சத்தம் விடிய முன்பே கேட்கும். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருகிறது. சித்திரைக்குப் பிறகு இரண்டாவது முறை. அதனால் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்புங்கள், ஒன்பது மணிக்குமேல் பனங்கூடலுக்குள் நிற்க வேண்டாம். பழம் விழும் நேரத்தில் மரத்துக்கு நேர் கீழே நிற்கவும் வேண்டாம், அந்தப் பாரம் தலையில் விழுந்தால் திருவிழா ஆஸ்பத்திரியில்தான். உங்களுக்கு முன்பே மாடும் நாயும் வந்து நிற்கும். நாய் பனம்பழத்தோடு படுகிற பாட்டை மகள் பார்க்கட்டும்; செம்மஞ்சள் தும்பு பல்லிடுக்கில் சிக்கிக்கொள்ள, தலையை ஒருபக்கம் சாய்த்துக் காலால் வாயைச் சுரண்டும்.

பொறுக்கிய பழத்தை நெருப்பில் வாட்டித் தோலை உரித்துச் சூப்பலாம். சில மரத்துப் பழம் கயர்க்கும்; எந்த மரம் என்று வளவுக்காரருக்குத் தெரியும். மிச்சத்தைப் பிசைந்து களி எடுத்து, காய்ச்சி, மாவும் சீனியும் சேர்த்துப் பணியாரம் சுடச் சொல்லி உறவினரில் வயதான ஒருவரைக் கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார்கள். களியைக் காயவைத்துப் பினாட்டுப் போட நினைக்க வேண்டாம். பாயில் ஊற்றிக் காயவிட்டு, மறுநாள் அதன்மேல் மறுபடி ஊற்றி, அப்படி அடுக்கடுக்காகச் சேர வேண்டும். உங்கள் விடுமுறை போதாது. கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கிவிட்டுப் போனால் தையிலோ மாசியிலோ யாராவது கிழங்கு கிண்டிச் சாப்பிடுவார்கள்.

நாய்களைப் பற்றி ஒரு கண்டிப்பு. கனடாப் பிள்ளைகள் எந்த நாயைக் கண்டாலும் கட்டிப்பிடிக்கப் போகிறார்கள். இங்கே விசர்நாய்க்கடிப் பயம் உண்டு. தடுப்பூசி போட்ட நாயா என்று வீட்டுக்காரரிடம் கேட்டபிறகுதான் தொட விடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சின்னக் காயம் என்று பாராமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்கச் சொல்லும் மாமிமாரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பழைய உடுப்புப் போட்டு அனுப்புங்கள், பனங்களி பட்ட கறை எந்தச் சலவைத் தூளுக்கும் போகாது. பொறுக்குமுன் பனங்காணி யாருடையது என்று விசாரித்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விழுந்த பனம்பழத்துக்காக இப்போது யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஆனாலும் கேளுங்கள், யாழ்ப்பாணத்துக் காணி அது.

அன்புடன்,
அண்ணா