சி4 மட்டும் எப்போதும் குறைவு

வணக்கம். என் தங்கச்சிக்கு ஆறு வருடமாக லூப்பஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்). றிப்போட்டில் சி3 எப்போதும் 100க்கு மேல். சி4 மட்டும் 7, 8, திரும்பவும் 7. இந்தமுறை சிஎச்50 மிகக் குறைவு என்று வந்திருக்கிறது. உடம்பில் ஒரு வில்லங்கமும் இல்லை, சலத்தில் புரதமும் இல்லை. நோய் உள்ளுக்குள் கிளம்புகிறதா? மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கவா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

சி3, சி4 இரண்டும் கிருமியையும் கழிவையும் அகற்ற உதவும் இரத்தப் புரதங்கள். சி4 குறைவையும் சிஎச்50 குறைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சி4இன் பரம்பரையலகு 6ஆம் நிறமூர்த்தத்தில், எதிர்ப்புச் சக்திக்குரிய எச்எல்ஏ பரம்பரையலகுக் கூட்டத்தின் நடுவே இருக்கிறது. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என்ற வழமையான கணக்கு இதற்குச் சரிவராது. ஒருவருக்கு மொத்தம் 2 பிரதி இருக்கும், இன்னொருவருக்கு 6. நான்கு உள்ளவர்கள்தான் அதிகம். அதிலும் சி4ஏ, சி4பி என்று இரண்டு வகை. 1,700க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் நாலே நாலுதான் இந்த இரண்டையும் பிரிக்கின்றன. அந்த நாலால், சி4ஏ புரதங்களில் நன்றாக ஒட்டும், சி4பி கிருமியின் சர்க்கரைப் பூச்சில் ஒட்டும். பிறபொருளெதிரி பிடித்துவைத்த கழிவை அகற்றுவதில் சி4ஏக்குத்தான் பெரிய பங்கு. அதன் பிரதி குறைந்தவர்களுக்கு லூப்பஸ் வரும் வாய்ப்புக் கூட. ஆகவே தங்கச்சியின் சி4 குறைவு நோயால் வந்ததாக இல்லாமல், நோய்க்கு முன்னமே இருந்ததாகவும் இருக்கலாம். பிரதி குறைந்தால் ஈரல் செய்யும் அளவும் குறையும். தாளில் அச்சடித்த 10–40 என்ற எல்லை பொதுசனத்துக்கு உரியது. ஆண்டுக்கணக்காக அசையாத 7 அவரின் சொந்த அளவு என்றே எனக்குப் படுகிறது.

பயப்பட வேண்டியது எப்போதென்றால், 105ஆக இருந்த சி3 70க்கு இறங்கி, டிஎன்ஏக்கு எதிரான பிறபொருளெதிரி ஏறி, சலத்தில் புரதமோ செங்குழியமோ தெரியும்போது. இன்னொன்று: காய்ச்சல், கர்ப்பம் இரண்டிலும் சி3, சி4 தாமாகவே ஏறும். அந்த நேரத்து 'நல்ல' எண்ணை அப்படியே நம்ப முடியாது.

சிஎச்50க்கு வருவோம். சி3, சி4 சோதனைகள் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பவை. சிஎச்50 அந்தப் புரதங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது: பிறபொருளெதிரி பூசிய செம்மறியாட்டுச் செங்குழியங்களில் பாதியை உடைக்க எவ்வளவு சீரம் தேவை என்ற கணக்கு. வெக்கையில் கிடந்தால் புரதம் எண்ணிக்கையில் இருக்கும், வேலை செய்யாது. காலை எட்டுக்கு எடுத்த இரத்தம் காலி வீதி நெரிசலில் பெட்டிக்குள் கிடந்து மத்தியானம் பொரளை ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எண் விழத்தான் செய்யும். ஆய்வுகூடத்துக்கே நேரே போய் இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். உறைந்ததும், ஒரு மணித்தியாலத்துக்குள், சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். அன்றே செய்யாவிட்டால் மைனஸ் 70 பாகையில் உறையவிட வேண்டும். சாதாரண மைனஸ் 20 பெட்டி போதாது. அப்படி எடுத்தும் குறைவாகவே வந்தால் அதே கூட்டத்துப் புரதங்களான சி2, சி1கியூ பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

பிரதி எண்ணும் பரம்பரையலகுச் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஏ, பி இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருப்பதால் வழமையான வரிசைமுறைச் சோதனை தடுமாறும். விடை வந்தாலும் மருந்து மாறாது. உதடோ முகமோ அரிப்பில்லாமல் வீங்கினால் மட்டும் கதை வேறு, அப்போது சி1 தடுப்பானை (இந்தப் புரதங்களை அடக்கிவைக்கும் இன்னொரு புரதம்) அளக்க வேண்டும்.

அதுவரை மருந்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆறு வருடத்து றிப்போட்களையும் திகதி வரிசையில் அடுக்கி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.