சல்வீனியாவும் யூரியாவும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பேராதனை விவசாய ஆராய்ச்சியாளர்களைப் பாராட்டித் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். என் பாட்டனார் தென்மராட்சியில் மொட்டைக்கறுப்பன் என்ற பாரம்பரிய நெல்லை விதைத்தவர். மாட்டெருவைத் தவிர வேறெதையும் அவருடைய வயல் அறியாது. யூரியாவும் பீடைநாசினியும் வந்த பின்னரே நீரும் நிலமும் கெட்டன. அப்படியிருக்க, விவசாய விஞ்ஞானம் மக்களின் வாழ்வையும் சுற்றாடலையும் மேம்படுத்துகிறது என்று எவ்வாறு எழுதுகிறீர்கள்? இன்னொன்று: உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய என் மகள் விவசாய பீடத்துக்கே போவேன் என்று நிற்கிறாள். வீட்டில் எவருக்கும் விருப்பமில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் பாட்டனாரின் வயல் அவருடைய குடும்பத்துக்குச் சோறிட்டது. ஆனால் அத்தகைய வயல்கள் அன்றைய நாட்டுக்குப் போதவில்லை. 1950களின் தொடக்கத்தில் இலங்கையின் சராசரி நெல் விளைச்சல் ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன் அளவிலேயே இருந்தது. எண்பது இலட்சம் பேருக்கு வேண்டிய அரிசியில் கணிசமான பகுதி கப்பலில் வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது. பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதைத் தொடர்ந்து 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் முடங்கியதும், அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட நேர்ந்ததும் அந்தப் பற்றாக்குறையின் விளைவுகளே. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்-4 என்ற புதிய நெல்லினம் அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வெளியாயிற்று. அதன் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன் என்ற நம்முடைய பாரம்பரிய நெல். ஆகவே பாட்டனாரின் விதையும் ஆராய்ச்சியாளரின் விதையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ண வேண்டியதில்லை. இன்று சராசரி விளைச்சல் நாலரைத் தொன்னை அண்மித்திருக்கிறது, சனத்தொகையோ இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது. பழைய விளைச்சலோடு இத்தனை பேருக்குச் சோறிட வேண்டுமாயின் ஏறத்தாழ மூன்று மடங்கு வயல் தேவைப்பட்டிருக்கும். அந்த வயலுக்காக வன்னியிலும் கிழக்கிலும் எஞ்சியிருக்கும் காடுகளில் எவ்வளவு அழிந்திருக்கும் என்பதை, சுற்றாடலைப் பற்றிப் பேசும் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

விஞ்ஞானத்தால் கேடும் வந்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். அதற்கு உதாரணம் தேடிப் பேராதனைக்குக்கூடப் போக வேண்டாம். சல்வீனியா என்ற மிதக்கும் களை 1939ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குள் நுழைந்தது கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதி வழியாகத்தான். ஆய்வுக்கென வந்த செடி வெளியே பரவி, வயல்களையும் குளங்களையும் கால்வாய்களையும் பாய் விரித்தாற்போல் மூடிற்று. சாதகமான நீரில் சில நாட்களுக்குள் இரு மடங்காகிவிடும் அதனைப் பிடுங்கியும் களைநாசினி தெளித்தும் ஒழிக்க முடியவில்லை. அதனை வேறொரு இனமென்று தவறாக அடையாளம் கண்டிருந்தமையால், அந்த வேறு இனத்திலிருந்து சேகரித்துப் பல நாடுகளில் விடப்பட்ட பூச்சிகளாலும் பெரும் பயன் விளையவில்லை. 1978இல் அதன் உண்மையான தாயகம் தென்கிழக்கு பிரேசில் என்று கண்டறியப்பட்ட பின்னரே, அங்கு அச்செடியையே தின்று வாழும் சிறிய கூன்வண்டு ஒன்று கிடைத்தது. அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அதனை 1980இல் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டனர். அடுத்த ஆண்டே ஏரி தெளிந்தது. ஆனால் பப்புவா நியூகினியில் வண்டு முதலில் பெருகவில்லை, ஏனெனில் அங்கிருந்த செடியில் நைதரசன் குறைவாக இருந்தது. ஆராய்ச்சியாளர் செய்த பரிகாரம் தங்களுக்கு வியப்பளிக்கக்கூடும்: களைக்கு நைதரசன் பசளையான யூரியாவை இட்டார்கள். செடி செழித்தது, அதைத் தின்ற வண்டு பெருகியது, பின்னர் களை அழிந்தது. இலங்கையில் அவ்வண்டு 1986இல் விடப்பட்டது. அது பிடித்துக்கொண்ட நீர்நிலைகளில் நஞ்சு தெளிக்கும் தேவை பெரிதும் குறைந்தது. தங்கள் கடிதத்தில் குற்றவாளியாக நிற்கும் யூரியா இங்கே மருந்தாகப் பயன்பட்டிருக்கிறது. எங்கு, எப்போது, எவ்வளவு என்று அறிந்து இடுவதே விவசாய விஞ்ஞானம். பசளை மூட்டையோடு அதை ஒன்றாக்கிப் பார்ப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

இந்த அளவை மறந்தால் என்ன நேரும் என்பதை 2021இல் நாம் எல்லோரும் கண்டோம். மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் அது கைவிடப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பெரும்போக விளைச்சல் பெருமளவில் வீழ்ந்து, அரிசியை மீண்டும் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. யூரியாவில் நைதரசன் 46 விழுக்காடு. 50 கிலோ மூட்டையொன்றில் 23 கிலோ இருக்கும். நல்ல கூட்டெருவில் இரண்டு விழுக்காடு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதே நைதரசனுக்கு ஒரு தொன்னுக்கும் மேலான எரு வேண்டும், அதுவும் மெதுவாகவே பயிருக்குக் கிடைக்கும். ஒரே போகத்தில் நாடு முழுவதற்கும் அவ்வளவு எருவை எங்கிருந்து கொண்டுவருவது? சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் போகாமலே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம்; அதைப் போடத் தெரிந்தவர்கள் நாட்டில் இருந்தார்கள்.

தாங்கள் குறிப்பிடும் நீர்க்கேடு உண்மையானது. யாழ்ப்பாணத்தின் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல் இருப்பதால், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் மிகுதியாக இட்ட பசளையின் நைதரசன், நைத்திரேற்று என்ற கரையும் உப்பாக மாறி எளிதில் நிலத்தடி நீரை அடைகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை மீறிய கிணறுகள் அங்கே உண்டு. அந்நீர் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடியது. ஆனால் நைத்திரேற்று யூரியாவிலிருந்து மட்டும் வருவதில்லை. குவித்திட்ட மாட்டெருவிலிருந்தும் வீட்டு மலக்குழியிலிருந்தும் அதுவே வருகிறது. எது எவ்வளவு என்று பிரித்தறிந்தால்தான் எதைக் குறைப்பது என்று சொல்ல முடியும். பசளையைப் பயிரின் தேவைக்கேற்பச் சிறு சிறு தவணைகளாகப் பிரித்து இடுவதும், சொட்டு நீர்ப்பாசனத்தால் நீர் கீழிறங்குவதைத் தடுப்பதும் அறியப்பட்ட வழிகள். ஆயினும் விலையேறிய காலத்திலும் கைக்கு வந்தபடி பசளை இடும் தோட்டங்கள் குறையவில்லை என்பது எனக்கு விளங்காத புதிர்.

மகளைப் போக விடுங்கள். பேராதனையிலும் வந்தாறுமூலையிலும் விவசாய பீடங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில், அறிவியல் நகரில் இருக்கிறது. அவர் மண்ணையும் நிலத்தடி நீரையும் சிறப்புப் பாடமாக எடுப்பாரானால், தென்மராட்சியில் பாட்டனாரின் கிணறு இன்னும் இருக்குமிடத்து அதன் நீரையே முதல் மாதிரியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாரிக்கு முன்னர் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் எடுத்தால்தான் எண்கள் பயன்படும்.