ஒரே இயந்திரம், இரு நிறுவனங்கள்: பொருளியல் மாதிரியில் எப்படி எழுதுவது?

கேள்வி: இரு நிறுவனங்கள் ஒரே உரிமத்தையும் ஒரே இயந்திரத்தையும் வாங்குகின்றன. பத்தாண்டில் ஒன்று சொந்தமாக வடிவமைக்கிறது. மற்றது உதிரிபாகத்துக்குக்கூட விற்றவரையே நம்பியிருக்கிறது. ஆய்வேட்டில் இதை எந்தச் சமன்பாட்டில் கொண்டுவருவது?

பதில்: வழக்கமான உற்பத்திச் சார்பில் (உள்ளீடுகளையும் உற்பத்தியையும் இணைக்கும் சமன்பாட்டில்) மூலதனமும் உழைப்பும் போக மிச்சமெல்லாம் ஒரே எழுத்தில் போய் ஒதுங்கிவிடும். 1957இல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ அமெரிக்கத் தரவுகளைக் கணக்கிட்டபோது, உழைப்பு மணி ஒன்றுக்கான உற்பத்தி உயர்வில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு அந்த மிச்சத்தில்தான் விழுந்தது. நீங்கள் தேடும் வேறுபாடும் அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே தொழில்நுட்பத் திறனை, ஆண்டுதோறும் சேர்ந்தும் தேய்ந்தும் வரும் தனி இருப்பாகப் பிரித்தெழுதுங்கள்:

இவ்வாண்டுத் திறன் = தேய்மானம் போக எஞ்சிய பழைய திறன் + சொந்த முயற்சி + (உள்வாங்கும் விகிதம் × வெளி அறிவு)

உள்வாங்கும் விகிதம் என்பது வெளி அறிவில் நிறுவனம் தன்னுடையதாக்கிக்கொள்ளும் பங்கு; அது 0 முதல் 1 வரை. அதை மாறிலியாக வைத்தால் மாதிரி கெட்டது; உரிமம் வாங்கினாலே திறன் வந்துவிடும் என்று அது சொல்லிவிடும். சொந்த முயற்சி கூடினால்தான் அந்த விகிதமும் கூட வேண்டும். ஆய்வாளர்கள் கோஹனும் லெவிந்தாலும் 1989இல் எழுதிய மாதிரியின் உயிர் இதுதான். ஹூண்டாய் 1975இல் போனி காரை மிட்சுபிஷி எஞ்சின் தொழில்நுட்பத்தோடு கொண்டுவந்தது. சொந்த ஆல்ஃபா எஞ்சின் வந்தது 1991இல். இடைப்பட்ட காலத்தில் செய்த முயற்சிதான் உங்கள் மாறி.

அதை எப்படி அளப்பது? ஆய்வுச் செலவை மட்டும் எடுக்காதீர்கள். பின்தங்கிய நிறுவனங்களில் பழைய பாகத்தைப் பிரித்து வரைபடம் எடுப்பதும், அச்சைத் திருத்துவதும் உற்பத்திச் செலவாகவே கணக்கில் ஏறும். பொறியாளர் எண்ணிக்கையும் பயிற்சி மணிகளும் இதைவிட நேர்மையான அளவுகள்.

செய்து பழகுவதால் வரும் திறனுக்கு விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936இல் விமான உற்பத்தியில் கண்ட வளைகோடு உதவும்: மொத்த உற்பத்தி இரட்டிக்கும்போதெல்லாம் உழைப்புச் செலவு 80 சதவீதமாகும். முதல் விமானத்துக்கு 100 மணி என்றால் இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64. இங்கே ஒரு சிக்கல் உண்டு. விலை குறைந்ததால் விற்பனை கூடியிருக்கலாம். அப்போது காரணமும் விளைவும் தலைகீழ். விலைக்குப் பதில் உழைப்பு மணியை எடுத்து, காலப்போக்கையும் சேர்த்து மதிப்பிடுங்கள்.

நாட்டளவுக்குப் போகும்போது நிறுவனத் திறன்களை வெறுமனே கூட்டாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அறிவு கசியும் விகிதம் தனியாக வேண்டும். நிறுவனம் விட்டு நிறுவனம் மாறும் பொறியாளர்களின் பங்கை அதற்கு அடையாளமாக வைக்கலாம்.