கட்டியின் கன அளவு சரியாக இரு மடங்காக வருவது ஏன்?

கட்டியின் கன அளவைக் கணக்கிடும் உங்கள் நிரல், ஸ்கேன் படலத்தின் (உடலின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) தடிமனைப் பெருக்குகிறது; பெருக்க வேண்டியது அடுத்தடுத்த படலங்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவை. கட்டியைச் சுற்றி வரைந்த ஒரே எல்லைக்கோட்டுக்கு 3டி ஸ்லைசர் (மருத்துவப் படங்களை அளக்கும் மென்பொருள்) 12.4 மில்லிலிட்டர் என்றும், உங்கள் பைத்தான் நிரல் 24.8 என்றும் காட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனெனில் எல்லை வரைவதில் நேரும் பிழை இவ்வளவு துல்லியமாக இரு மடங்காக அமையாது.

சிடி ஸ்கேனில் 5 மி.மீ. தடிமனுள்ள படலங்களை 2.5 மி.மீ. இடைவெளியில், ஒன்றின்மேல் ஒன்று பாதி படியுமாறு உருவாக்குவது வழக்கம்தான். நீங்கள் தந்த 0.8 மி.மீ. பிக்சல் அளவை வைத்துப் பார்த்தால், ஒரு வாக்சலின் (ஸ்கேனின் மிகச் சிறிய கன அலகு) கன அளவு 0.8 × 0.8 × 2.5 = 1.6 கன மி.மீ.; 7750 வாக்சல்களுக்கு 12.4 மில்லிலிட்டர் கிடைக்கிறது. 2.5 இருக்கும் இடத்தில் 5 போட்டால் உங்கள் 24.8 வந்துவிடும்.

சரிபார்க்க, டைகாம் (மருத்துவப் படக் கோப்பு வடிவம்) தலைப்பில், படலத்தின் நிலையைக் குறிக்கும் (0020,0032) என்ற புலத்தை அடுத்தடுத்த இரண்டு படலங்களிலிருந்து எடுத்து, மூன்றாவது எண்களின் வேறுபாட்டைப் பாருங்கள். சாய்வாக எடுத்த எம்ஆர்ஐ என்றால் இந்த எளிய கழித்தல் போதாது. இரு நிலைகளுக்கும் இடையிலான தொலைவைப் படலத்துக்குச் செங்குத்தான திசையில் கணக்கிட வேண்டும். அடுத்தடுத்த படலங்கள் எவை என்று அறியக் கோப்புப் பெயர் வரிசையை நம்பாதீர்கள், அது பலமுறை என் காலை வாரியிருக்கிறது.

இதைத் திருத்திய பிறகும் சிறிய கட்டிகளில் எச்சரிக்கை தேவை. 10 மி.மீ. விட்டமுள்ள கோளத்தை 11 என்று அளந்தாலே கன அளவு சுமார் 33 சதவீதம் கூடிவிடும் என்பதால், தடிமன் வேறுபட்ட இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட்டுக் கட்டி வளர்ந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.