இசங்களைப் பார்த்து மிரளும் மகளுக்கு என்ன சொல்வது?

மகள் சர்வதேச உறவுகள் படிப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் வேறு துறைக்கு மாறுகிறேன் என்று அடம்பிடிக்கிறாள் என எழுதியிருந்தீர்கள். தூதரகம், ஐ.நா. சபை, சமாதானப் பேச்சு என்று கனவோடு போனவள் தலையில் நாடுகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று விளக்கும் கோட்பாடுகள் ரியலிசம், லிபரலிசம், கன்ஸ்ட்ரக்டிவிசம் என்று இசம் இசமாக வந்து விழுந்தால் மிரளத்தான் செய்வாள். "இந்தக் கோட்பாடுகளை வைத்துக்கொண்டு எந்த வேலைக்குப் போவது?" என்ற உங்கள் கேள்விக்கும் வருகிறேன். அவளுடைய சிக்கலைப் பிரித்துவிட்டால் உங்களுடையதும் பாதி தீர்ந்துவிடும்.

இந்தப் படிப்பில் தடுமாறும் பிள்ளைகளின் நோட்டு எனக்குப் பழக்கம். மோர்கெந்தாவ் 1948, வால்ட்ஸ் 1979, கியோஹேன் 1984, வெண்ட் 1992 என்று கோட்பாட்டாளர் பெயரும் எழுதிய வருஷமும் வரிசையாக இருக்கும். பக்கத்தில் இரண்டு வரி வரையறை. என்ன கேள்வி குடைந்ததால் அவர்கள் அப்படி எழுதினார்கள் என்பது மட்டும் எங்கும் இருக்காது. கேள்வி தெரியாமல் பதிலை உருப்போட்டால் எந்தப் பாடமும் கசக்கும். கோட்பாட்டை முதலில் கொட்டிவிட்டு நிகழ்வுகளைப் பின்னால் தள்ளும் பாடத்திட்டங்களில் எனக்கு உடன்பாடே கிடையாது. வீட்டில் அதைத் தலைகீழாகச் செய்யலாம். ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் வழக்கமாகக் கொடுப்பது 1962 அக்டோபரில் நடந்த கியூபா ஏவுகணை நெருக்கடி.

கதை இதுதான். கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைத் தளம் அமைப்பதை அமெரிக்க உளவு விமானம் படம்பிடித்துவிடுகிறது. 16ஆம் தேதி அதிபர் கென்னடியிடம் விஷயம் போகிறது. உடனே குண்டு போட வேண்டும் என்கிறார்கள் சிலர். பல நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, கியூபாவுக்கு ஆயுதம் கொண்டுவரும் கப்பல்களை மறிப்பது என்று முடிவாகிறது. 28ஆம் தேதி, ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக சோவியத் தலைவர் குருஷ்சேவ் அறிவிக்கிறார். கியூபாமீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா வெளிப்படையாக வாக்குக் கொடுத்தது. துருக்கியில் இருந்த தன் ஜுபிடர் ஏவுகணைகளை அகற்றுவதாக ரகசியமாகவும் ஒப்புக்கொண்டது.

இதை ரியலிஸ்ட் ஒருவரிடம் கொடுத்தால், "நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, அவரவர் பாதுகாப்பை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றுதான் தொடங்குவார். அணு ஆயுத பலத்தில் பின்தங்கியிருந்த குருஷ்சேவ் அதைச் சரிக்கட்டப் பார்த்தார், அணுப்போர் பயம் இருவரையும் பின்வாங்க வைத்தது, அவ்வளவுதான். நல்லவர் கெட்டவர் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

லிபரல்வாதியின் கண் வேறு இடத்துக்குப் போகும். அமெரிக்கா கப்பல்களை மறிக்கும் முன், வட, தென் அமெரிக்க நாடுகள் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஆதரவை ஏன் தேடியது? ஐ.நா. பாதுகாப்பு சபையில் உளவு விமானப் படங்களை விரித்துக் காட்டியது எதற்கு? அடுத்த வருடமே இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு வந்தது (சினிமாவில் காட்டும் சிவப்பு போன் அல்ல, செய்தியை அச்சடித்துத் தரும் வெறும் டெலிபிரிண்டர்). அதே 1963இல் அணுச் சோதனைகளை ஓரளவு தடை செய்யும் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பகையாளிகளுக்கும் விதிகளும் அமைப்புகளும் தேவைப்படுகின்றன என்பது இவர் வாதம்.

மூன்றாமவர்தான் எனக்குப் பிடித்தவர். துருக்கியில் அமெரிக்க ஏவுகணை இருந்தால் தற்காப்பு, கியூபாவில் சோவியத் ஏவுகணை இருந்தால் மிரட்டல். இந்த வித்தியாசம் இரும்பிலா இருக்கிறது என்று கேட்பார் கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட். பிரிட்டனின் 500 அணு ஆயுதங்களைவிட வட கொரியாவின் 5 ஆயுதங்கள்தான் அமெரிக்காவை அதிகம் பயமுறுத்தும் என்பது இந்தக் கட்சிக்காரரான வெண்ட் 1995இல் சொன்ன உதாரணம். ஆயுதத்தைவிட, அது யார் கையில் இருக்கிறது என்ற நினைப்புதான் பயத்தைத் தீர்மானிக்கிறது. கென்னடி தன் நடவடிக்கையை "முற்றுகை" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது போர்ச் செயல். கப்பலில் தொற்றுநோய் வந்தால் ஒதுக்கி வைப்பார்களே, அந்த "குவாரண்டைன்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். கப்பல்கள் அதே கப்பல்கள்தான், பெயர்தான் வேறு. எச்சரிக்காமல் குண்டு போட்டால், 1941இல் பேர்ல் ஹார்பரில் நம்மைத் திடீரென்று தாக்கிய ஜப்பானைப் போல நாமும் ஆகிவிடுவோம் என்று அவருடைய தம்பி ராபர்ட் வாதாடியதையும் மகளிடம் சொல்லுங்கள். நாம் எப்படிப்பட்டவர்கள் என்ற எண்ணம்கூட ஒரு முடிவைத் திருப்பிவிடும்.

மார்க்சியம், பெண்ணியம், பின்காலனியம் எல்லாம் பிறகு வரும். அவற்றுக்கும் இதே கதை போதும். குருஷ்சேவும் கென்னடியும் பேசி முடித்த உடன்பாட்டில் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை யாரும் கலந்து பேசவே இல்லை. கியூபா நெருக்கடியில் கியூபா எங்கே என்று கேட்டாலே, வல்லரசுகள் ஒதுக்கிவிட்ட நாடுகளின் பக்கமிருந்து பார்க்கும் பின்காலனியச் சிந்தனையின் வாசல் திறந்துவிடும்.

மூன்றில் எது சரி என்று கேட்பாள். ஒரு கட்சியில் சேர்ந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வருடத்தில் பாதிப் பேர் ரியலிசத்துக்கு ரசிகர் மன்றம் வைத்துவிடுகிறார்கள். கறாராகப் பேசினால் விவரமானவர் போலத் தெரியும் அல்லவா? 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததை, செல்வாக்கோடு இருந்த கோட்பாடுகள் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சரி, வேலை. "கோட்பாடு தெரிந்தவர் தேவை" என்று எங்கும் விளம்பரம் வராது. ஆனால் வெளியுறவுத் துறை, ஆய்வு மையம், செய்தி நிறுவனம், பொருளாதாரத் தடைகளைக் கவனிக்கும் வங்கிப் பிரிவு என எங்கே போனாலும், அந்த அரசு ஏன் இப்படிச் செய்தது, அடுத்து என்ன செய்யும் என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். மேலே பார்த்த பயிற்சி அதற்குத்தான். இளங்கலை மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். முதுகலை, இன்னொரு மொழி, கொஞ்சம் புள்ளியியல் அல்லது பொருளாதாரம் வேண்டும். ஐ.நா.வின் இளம் அதிகாரிகள் தேர்வுக்கு இளங்கலைப் பட்டம் போதும், வயது வரம்பு 32. ஆனால் அந்தந்த ஆண்டுப் பட்டியலில் உள்ள நாட்டினர் மட்டுமே எழுத முடியும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சிக்குப் போனால் சம்பளம் கிடையாது, செலவு உங்களுடையது. இதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறை மாறக் கடைசித் தேதி எது என்று கல்லூரியில் கேட்டு வையுங்கள். அதற்குள் இந்த வாரச் செய்தியிலிருந்து ஒரு தகராறை எடுத்து, மூன்று பேர் பார்வையிலும் ஒவ்வொரு பத்தி எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதும் அவளுக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை என்றால் தாராளமாக மாறட்டும், நானே கடிதம் எழுத உதவுகிறேன். தோன்றினால், அந்தத் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள்.