பிணை கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள்

அன்புள்ள அண்ணா,

விளக்கமறியல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பிணை கொடுப்பதை இன்னும் இலகுவாக்க வேண்டும் என்கிறீர்கள். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கையிலேயே ஐஸ் போதைப்பொருள் வந்துவிட்டது. விற்கிறவனைப் பிடித்தால் மறுநாள் சந்தியில் நிற்கிறான். இவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்று ஊரில் சொல்லும்போது எனக்கு மறுக்க மனம் வரவில்லை. மனித உரிமை பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

இன்னொன்று. என்னிடம் படித்த பையன் ஒருவன் தண்ணிப் பம்பு களவில் பிடிபட்டு மட்டக்களப்பு மறியலில் இருக்கிறான். ஐஸ் பழக்கம்தான் காரணம். பிணை கொடுத்து மூன்று கிழமை ஆகிறது. ஆனால் இரண்டு ஆள்பிணை வேண்டும், அதில் ஒருவர் அரச சம்பளக்காரராக இருக்க வேண்டுமாம். தாய் என்னிடம் வந்து அழுகிறா. கையெழுத்து வைக்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

அன்பின் டீச்சருக்கு,

கையெழுத்து விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். ஆள்பிணைக்குக் கையெழுத்து வைக்கும்போது நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. பையன் வழக்குத் தவணைக்கு நீதிமன்றம் வராமல் விட்டால்தான் பிணைமுறியில் எழுதிய தொகை பற்றிய கேள்வி வரும். அப்போதும் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். அவன் களவெடுத்தானா இல்லையா என்பதற்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல, அவன் நீதிமன்றத்துக்கு வருவான் என்பதற்கு மட்டும்தான் பொறுப்பு. பிறகு பயம் வந்தால், என்னைப் பிணையிலிருந்து விடுவியுங்கள் என்று நீதிமன்றத்திலேயே கேட்கலாம். பழக்கத்தில் விழுந்த பிள்ளை, ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு தவணைக்கும் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவரத் தாயால் முடியுமா என்று பாருங்கள். முடியும் என்று தோன்றினால் கையெழுத்து வையுங்கள். நானும் அப்படிச் சிலருக்கு வைத்திருக்கிறேன். வெளியில் வந்ததும் முதல் வேலையாக அவனைப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். வகுப்பில் பிள்ளைகள் கண் முன்னால் கெட்டுப்போவதைப் பார்க்கிற ஒருவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தையே இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். அதில் இரண்டு பேர் வருகிறார்கள். ஐஸ் விற்கிறவன் மறுநாள் வெளியில். பம்பு களவெடுத்த பையன், பிணை கிடைத்தும் மூன்று கிழமையாக உள்ளே. இந்த இரண்டையும் செய்வது ஒரே முறைமைதான். பிணையை இறுக்கினால் முதலாமவன் உள்ளே போவான் என்று நினைக்கிறீர்கள். இன்னும் நூறு பையன்கள்தான் உள்ளே போவார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் நீங்கள் கேட்கிற கடுமை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கப் போதைப்பொருள் திருத்தச் சட்டப்படி ஐஸ் 5 கிராமோ அதற்கு மேலோ கடத்தினாலும் வைத்திருந்தாலும் மரண தண்டனை அல்லது ஆயுள். அப்படிப்பட்ட வழக்கில் நீதவான் பிணை கொடுக்கவே முடியாது. அதற்கு மேலுள்ள நீதிமன்றத்துக்குப் போய், அங்கும் அசாதாரண காரணம் காட்ட வேண்டும். அப்படியிருந்தும் உங்கள் ஊர் வியாபாரி சந்தியில் நிற்கிறான் என்றால், சட்டம் மென்மையாக இருப்பதால் அல்ல. சரக்கு அவன் கையில் பிடிபடுவதில்லை. பிடிபடுவது அவனுக்காகப் பொட்டலம் கொண்டுபோகும் பொடியன்.

தூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1976 ஜூனில். 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தூக்குக்கு ஒப்பமிட்டார், உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அந்த நால்வரையும் தூக்கிலிட்டிருந்தால் களுவாஞ்சிக்குடிக்கு ஐஸ் வருவது நின்றிருக்குமா? நான் நம்பவில்லை. பிடிபடவே மாட்டோம் என்று நம்புகிறவனுக்கு என்ன தண்டனை எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

பிடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். பொட்டலம் பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போக வேண்டும். அறிக்கை வரும்வரை வழக்கு தவணை தவணையாக நகரும். பெரிய வழக்கென்றால் குற்றப்பத்திரம் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து வர வேண்டும். இதற்குள் காசுள்ளவன் நல்ல சட்டத்தரணியைப் பிடித்து மேல் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேலும் போகிறான். காசில்லாதவன் பதினாலு நாளைக்கு ஒருமுறை சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு பஸ்ஸில் ஏற்றி இறக்கப்படுகிறான். தாமதம் இருவருக்கும் பொதுவானதுதான், ஆனால் ஏழை அதை மறியலுக்குள் இருந்து அனுபவிக்கிறான்.

2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நாடு முழுக்கச் சுற்றிவளைப்பு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பல்லாயிரக்கணக்கானோரைக் கைது செய்தார்கள். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதற்குப் பிறகு உங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் விற்பனை குறைந்ததா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிறைச்சாலைகள் நிரம்பி வழிந்தது மட்டும் நிச்சயம். இலங்கைச் சிறைகளில் ஏறக்குறைய பத்தாயிரம் பேருக்குத்தான் இடம், உள்ளே இருப்பவர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். அதில் பெரும்பாலானோர் தீர்ப்பே வராத விளக்கமறியல் கைதிகள். 2020 நவம்பரில் மகர சிறையில் கொரோனாப் பயமும் நெரிசலும் சேர்ந்து கலவரமாகி 11 பேர் இறந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வெலிக்கந்தையைத் தாண்டினால் கந்தக்காடு. புனர்வாழ்வு என்று அங்கே அனுப்புகிறார்கள். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். உங்கள் பையனை அங்கே அனுப்பினால் திருந்தி வருவான் என்று உங்களால் தாயிடம் உறுதி சொல்ல முடியுமா?

பயம் என்று ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. 2021 ஜூனில் மட்டக்களப்பு நகரில் ஓர் இளைஞனைப் பொலிசார் இரவில் வீட்டிலிருந்து பிடித்துப் போனார்கள். விடிந்தபோது அவன் உயிரோடு இல்லை. ஐஸ் பொட்டலத்தை விழுங்கிவிட்டான் என்றார்கள். புதைத்த உடலை நீதிமன்ற உத்தரவில் தோண்டி எடுத்து இரண்டாவது பிரேத பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வந்தது. அதே ஆண்டு மே 18 அன்று போரில் இறந்தவர்களைக் கிரான் கடற்கரையில் நினைவுகூரப் போன 10 பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து மாதக் கணக்கில் அடைத்துவைத்தார்கள். கடும் சட்டம் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் அது முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று யோசிக்க வேண்டிய மண்ணில் நாங்கள் இருக்கிறோம், டீச்சர். அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்தது. 2022இல் திருத்தி, தடுப்புக்காவலின் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தார்கள். பன்னிரண்டு மாதம் என்பதும் ஒரு பிள்ளை ஒரு வகுப்பை முடிக்கும் காலம்.

பிணையை இலகுவாக்குங்கள் என்று நான் எழுதியது புதிய சலுகை கேட்டு அல்ல. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று தெளிவாகச் சொல்கிறது. வருகிறேன் என்று சந்தேகநபர் கொடுக்கும் உறுதிமொழியிலேயே விடலாம். அவருடைய சொந்தப் பிணைமுறியில் விடலாம். ஆள்பிணையும் காசுப்பிணையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தீர்ப்பில்லாமல் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் மூன்று மூன்று மாதமாக நீடிக்கலாம், அதுவும் மொத்தம் இன்னொரு 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? எடுத்த எடுப்பில் இரண்டு ஆள்பிணை.

படுவான்கரையில் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கிராமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை குடும்பத்தில் அரச சம்பளம் வாங்கும் சொந்தக்காரர் இருக்கிறார்? விதானையாரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும், அதில் பிரதேச செயலாளரின் ஒப்பம் வேண்டும், சம்பளப் பத்திரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் அந்த ஒரு நாள் பெரிது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் மேசன் ஒருவருடைய தம்பிக்கு இப்படித்தான் பிணை கிடைத்தது. ஆனால் கையெழுத்து வைக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அரச சம்பளக்காரர் ஒருவரைக் காசு கொடுத்துச் சம்மதிக்க வைத்தார்கள். அந்தக் காசைக் கிழமைக் கடனில் எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வழக்கில் அவன் விடுதலையானான். கடன் விடுதலையாகவில்லை.

தண்டப்பண விஷயம் இதைவிட மோசம். எங்கள் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள். கசிப்புப் போத்தலோடு பிடிபட்ட பெண், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய கூலிக்காரன். நீதிமன்றம் இவர்களைச் சிறைக்கு அனுப்ப நினைக்கவே இல்லை, தண்டம்தான் விதித்தது. காசில்லாத குறைக்காகத்தான் உள்ளே போகிறார்கள். பிறகு வெசாக், நத்தார் என்று வரும் மன்னிப்புப் பட்டியலில் விடுவிக்கிறார்கள். அந்தப் பட்டியலையும் விட்டுவைக்கவில்லை. 2025 வெசாக்கில் மன்னிப்புப் பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதாகும் அளவுக்குப் போனது. தண்டத்தைத் தவணையில் கட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். சிறிய குற்றத்துக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போட 1999இலிருந்தே சட்டம் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் கூலிக்காரனுக்கு இதெல்லாம் தெரியாது, கேட்டுச்சொல்லவும் ஆளில்லை.

ஆகவே ஐஸ் வியாபாரியை அடக்க வேண்டும் என்றால் நாங்கள் கேட்க வேண்டியது வேறு. கிழக்குக்கென்று ஒரு பகுப்பாய்வு கூடம் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வரட்டும், பொட்டலம் பத்தரமுல்லைக்குப் போய்க் காத்துக்கிடக்க வேண்டாம். சட்டமா அதிபரிடமிருந்து வழக்குத் தொடுப்பதைப் பிரித்துச் சுயாதீன அலுவலகம் ஒன்றை அமைப்பது பற்றிக் கொழும்பில் பேசுகிறார்கள். அமைந்தால் அதன் கிளை இங்கே இருக்க வேண்டும், தமிழில் வேலை செய்ய வேண்டும். உங்கள் ஊருக்கு வரும் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் தூக்கைப் பற்றிக் கேட்பதற்குப் பதில் இதைக் கேளுங்கள். பொடியனை விட்டுவிட்டுச் சரக்கின் காசு எங்கே போகிறது என்று தேடும் விசாரணை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, பம்பைப் பறிகொடுத்தவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவரும் ஒரு கமக்காரராகத்தான் இருப்பார். பம்பு கிடைத்திருந்தால் அது வழக்குப் பொருளாகப் பொலிஸ் நிலையத்தில் கிடந்து துருப்பிடிக்கும், வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அவர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பற்றுச்சீட்டோடு ஒரு மனுக் கொடுத்தால், தேவைப்படும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையில் பம்பை அவரிடமே ஒப்படைக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. பையனின் தவணைக்கு நீங்கள் போகும் நாளில் அவரும் வந்திருந்தால் இதைச் சொல்லுங்கள்.