கடைக்குப் பை கொண்டுபோகக் கூச்சமாக இருக்கிறது என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வி இரண்டே வரி. "கடைக்கு மஞ்சப்பை எடுத்துப்போகக் கூச்சமாக இருக்கிறது, பாதி நாள் மறந்தும் விடுகிறேன். ஒரு ஆள் பிளாஸ்டிக் பையை விட்டால் உண்மையில் ஏதாவது மாறுமா?" மஞ்சப்பை என்று எழுதியதிலேயே நீங்கள் தமிழ்நாடு என்று தெரிகிறது. வேலை முடிந்து வண்டியில் வரும் வழியில் காய்கறி வாங்குகிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடைக்கென்றே வீட்டிலிருந்து புறப்படுகிறவருக்குப் பை மறக்காது. இடைவழியில் இறங்குகிறவருக்குத்தான் மறக்கும்.

நான் இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறேன். எட்டு வருடமாகப் பை தைக்கிறேன். அதனால் வியாபாரத்துக்காகச் சொல்கிறாள் என்று யாராவது நினைக்கக்கூடும். நான் தைக்கிற பை எங்கள் சந்தையைத் தாண்டிப் போவதில்லை, உங்களுக்கு விற்க என்னிடம் எதுவும் இல்லை. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கேட்கட்டும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மாட்டின் உரிமை இருக்கிறது.

2016 மாசி மாதம். காலபோக நெல் அறுவடை முடிந்து வயலெல்லாம் அடித்தாள் மட்டும் நிற்கிற ஒட்டுக்காலாகக் கிடந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் மாடுகளைக் கட்டுவதில்லை, காலையில் அவிழ்த்துவிட்டால் பொழுதுபட தானாக வந்துசேரும். எங்களிடம் சிவலை என்று ஒரு பசு நின்றது. இரண்டாம் ஈற்று, நான்கு மாதக் கன்று. ஊர்மாடுதான், காலையில் இரண்டு லீற்றர் பால் தரும். முதலில் பால் குறைந்தது. கன்றை விட்டுக் கறந்தும் இறங்கவில்லை. பிறகு அசைபோடுவதை நிறுத்தியது. இடது பக்க வயிறு எழும்பி நின்றது. இஞ்சி, உள்ளி, மிளகு அரைத்து எண்ணெயில் கலந்து பருக்கினோம். எல்லோரும் செய்வதுதான். கேட்கவில்லை.

மூன்றாம் நாள்தான் மிருக வைத்தியர் வந்தார். இளம் பிள்ளை. வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. கையை முட்டியாகப் பொத்தி இடது விலாவுக்குப் பின்னால் அமத்தினார். கையை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது, பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல. "அக்கா, இது ரோட்டுக்கரையில மேயிற மாடோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "வயித்தைக் கிழிச்சு எடுக்கலாம். ஆனா இதுக்கு இனி நிக்கிற பலம் இல்லை" என்றார். விடியப்புறம் சிவலை செத்துப்போனது.

தாட்பதற்கு, அதாவது புதைப்பதற்கு, முன்னம் வெட்டிப் பார்த்தோம். பக்கத்து வளவு அண்ணைதான் வெட்டினார். உள்ளே ஒரு ஓலைக் கடகம் நிறையப் பொலித்தீன். தனித்தனியாக இல்லை, கயிறு முறுக்கியதுபோல ஒன்றோடொன்று முறுகி, வைக்கோலையும் சேர்த்து இறுகிக் கிடந்தது. சோறு கட்டுகிற லஞ்ச் சீட், தேயிலைப் பைக்கற், எல்லாவற்றிலும் கூடக் கடையில் சாமான் போட்டுத் தருகிற சொப்பின் பை. அதில் ஒன்று நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையின் பை. கைபிடி இரண்டையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. அத்தனை நாள் வயிற்றுக்குள் கிடந்தும் அந்த முடிச்சு அவிழவில்லை.

நான் பழஞ்சோற்றையும் மீன் செதிலையும் அப்படித்தான் கட்டி வேலிக்கு வெளியே எறிவேன்.

அது நான் எறிந்த பைதானா என்று சொல்ல வழியில்லை. எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான் கட்டுவார்கள். மாட்டுக்குக் கையில்லை, முடிச்சை அவிழ்த்துச் சோற்றை மட்டும் எடுக்காது. உப்பு மணத்துக்கும் சோற்று மணத்துக்கும் பையோடு விழுங்கிவிடும். மாடு அவசரமாக விழுங்கிவிட்டுப் பிறகு ஆறுதலாக அசைபோடுகிற சீவன். விழுங்கிய பொலித்தீன் கரையவும் மாட்டாது, கீழே இறங்கவும் மாட்டாது. முதல் இரைப்பையிலேயே தங்கி, அடுத்து வருகிற பையைப் பிடித்துக்கொள்ளும். இது எங்கள் ஊர் மாட்டுக்கு மட்டும் நடப்பதில்லை. கிழக்கில் அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்துக்குள் இருபது யானை மட்டில் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. யானையையே விழுத்துகிற சாமான் அது.

ஆகவே, ஒரு ஆள் விட்டால் மாறுமா என்று என்னைக் கேட்டால், ஒரு ஆள் கட்டி எறிந்த ஒரு பை என் மாட்டின் வயிற்றில் இருந்தது என்பதைத்தான் சொல்வேன்.

இன்னுமொன்று. நாங்கள் பொலித்தீனோடு பிறந்தவர்கள் இல்லை. அம்மம்மா பூநகரிக்காரி. பனங்குருத்தோலையைக் கிழித்துக் காயவைத்து உமல் என்கிற ஓலைப்பை இழைப்பா. மீன் வாங்க உமல்தான். தண்ணீர் கீழே வடிந்துவிடும், மீன் புழுங்கிப் பழுதாகாது, வீட்டுக்கு வந்ததும் கழுவி வேலியில் கொழுவிவிட்டால் அடுத்த நாளைக்குச் சரி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு சொப்பின் பை கிடைத்தால் அதைக் கழுவிக் கொடியில் காயப்போடுவோம். நான் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் கொண்டுபோனது அப்படி ஒரு பையில்தான். மழைக்கு நனையாது என்று அது எனக்குப் பெரிய பெருமை. போர் முடிந்து, வன்னியை வெளியோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்து, கடைகளில் கேட்காமலே பை தரத் தொடங்கியபோது நாங்கள் அதை வசதி என்றுதான் நினைத்தோம். இல்லாமை பட்ட சனத்திடம் போய் ஏன் பொலித்தீனுக்கு ஆசைப்பட்டாய் என்று யாரும் கேட்க வேண்டாம். அதை நான் பொறுக்க மாட்டேன்.

தையல் அம்மாவிடமிருந்து வந்தது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், பதுங்குகுழிக்கு மண்மூடை அடுக்க வேண்டும், சாக்கு இல்லை. சனம் சேலைகளைக் கிழித்துத்தான் பை தைத்தது. அம்மாவும் தைத்தா. கடைசியாகத் தன்னுடைய கூறைச் சேலையை எடுத்து வந்து என்னிடம் ஒரு நுனியைத் தந்து, "பிள்ளை, இழுத்துப் பிடி" என்றா. ஒற்றைத் தையல் மண் பாரத்துக்கு நிற்காது, விளிம்பை மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும் என்று அப்போதுதான் காட்டித் தந்தா. அந்தத் தையல் மெசினை வலைஞர்மடத்தில் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். இன்றைக்கு ஒவ்வொரு பைக்கும் கைபிடி வைக்கும்போது நான் போடுவது அந்த இரட்டைத் தையல்தான். ஐந்து கிலோ அரிசி, இரண்டு தேங்காய், ஒரு பூசணிக்காய் போட்டுத் தூக்கினாலும் பிரியாது.

சிவலை செத்ததற்கு அடுத்த வருடம் ஒரு பழைய மெசின் வாங்கினேன். துணி வாங்கக் காசில்லை. ஆனால் வன்னியில் உரப்பைக்குப் பஞ்சமில்லை, வெறும் பை ஒவ்வொரு வீட்டுக் கொட்டிலிலும் கிடக்கும். ஒரு ஐம்பது கிலோ உரப்பையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கடைப்பை. கீழ்ப்பாதிக்கு அடித்தையல் ஏற்கனவே இருக்கும், மேல்பாதிக்கு மட்டும் அடைத்தால் போதும். கைபிடிக்குப் பழைய சேலைக்கரையை நாலாக மடித்துத் தைப்பேன். உள்ளே பொலித்தீன் உறை இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். மூன்று தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். பூச்சிமருந்து பட்ட சாக்கை நான் தொடுவதே இல்லை.

"உரப்பையும் பிளாஸ்டிக்தானே" என்று சொல்லத் துடிப்பவர்களுக்கு: ஆம், பொலிப்புரோப்பிலீன் நூலால் நெய்ததுதான். எனக்குத் தெரியாததல்ல. வெயிலில் போட்டால் ஒரு வருடத்துக்குள் பொடிப்பொடியாகக் கொட்டத் தொடங்கும், அதனால்தான் நிழலில் கொழுவச் சொல்கிறேன். கொட்டத் தொடங்கினால் பாவிக்கக் கூடாது. ஆனால் அது நான் வாங்கியது இல்லை, எறியக் கிடந்தது. இப்போது நகரக் கடைகளில் துணிபோலவே ஒரு நெய்யாத பை விற்கிறார்களே, அதுவும் பொலிப்புரோப்பிலீன்தான். ஒரு மூலையில் நெருப்பைக் காட்டிப் பாருங்கள். உருகிச் சொட்டும். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும்.

படித்த மருமகன் ஒருவன் வந்து, மாமி, துணிப்பைதான் பூமிக்குக் கூடக் கெடுதல் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றான். எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை. பிறகு அவனையே வாசித்துச் சொல்லச் சொன்னேன். இங்கிலாந்தில் 2011இல் வெளியான அரச கணக்கின்படி, ஒரு தரம் பாவித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வர ஒரு பருத்திப் பையை 131 தடவை பாவிக்க வேண்டும். அது வெப்பமாதல் கணக்கு. டென்மார்க்கில் 2018இல் போட்ட கணக்கில் வெப்பமாதலை மட்டும் பார்த்தால் 52 தடவை, மற்ற எல்லாப் பாதிப்பிலும் சமமாக வர வேண்டுமென்றால் 7,100 தடவை. சரி, 131ஐ எடுப்போம். கிழமைக்கு இரண்டு சந்தை, வருடத்துக்கு 104. ஒன்றேகால் வருடத்தில் முடிந்துவிடும். என் நீலக்கரைப் பைக்கு இப்போது ஆறு வயது. 7,100 தடவைக்கு என் ஆயுளே காணாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டென்மார்க்கில் குப்பையைச் சேர்த்து எடுத்துப்போய் உலையில் எரிக்கிறார்கள், வீதியில் பறக்கும் பை அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, குப்பை வண்டி வருவதில்லை. இங்கே எறிகிற பை வேலியில், மதகில், வாய்க்காலில், மாட்டின் வயிற்றில். அந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் போட்டுத் தரவில்லை.

அந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். புதுப்பை வாங்கிக் குவிக்கக் கூடாது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வந்த பை, புடவைக்கடைப் பை என்று உங்கள் வீட்டில் பத்தாவது கிடக்கும். அதில் கிழியாத ஒன்றை எடுங்கள்.

சாக்கைப் பற்றி எழுத வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லைதான். நெல் வாங்க வருகிற வியாபாரிகள் மூடைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்கள். கேட்டால் சாக்குப் பாரம் என்கிறார்கள், ஈரம் என்கிறார்கள். நான் நூற்றுக்கணக்கில் சாக்கு வெட்டித் தைத்தவள். வெறும் சாக்கைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன், நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். போன போகம் எங்களுக்கு நாற்பது மூடை. எண்பது கிலோ நெல்லை நாலு கிலோச் சாக்குக்காக விட்டுக்கொடுத்தோம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்? தராசைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. சரி, விடுங்கள்.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். முதல் நாள் நான் உரப்பையோடு ரவுணுக்கு, அதாவது டவுனுக்கு, போனபோது கடைப் பெடியன், "அக்கா, உரம் வாங்கவோ வந்தனீங்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டான். நின்ற சனம் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. பதில் சொல்லவில்லை, சாமானைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த சந்தைக்கும் அதே பைதான். மூன்றாம் தரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ நான் நீட்டுவதற்கு முன்பே கையை நீட்டிப் பையை வாங்கினான். ஒரு மாதம் கழித்து, "அக்கா, அம்மாவுக்கும் ஒண்டு தைச்சுத் தாங்கோ" என்றான். கூச்சம் நாலு தரத்துக்கு மேல் நிற்காது தம்பி. தங்கச்சியாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மறதிக்கு: பையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். சாமானை இறக்கிய கையோடு, சோறு உலை வைப்பதற்கு முன்னமே, பையை வண்டிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நான் சைக்கிள் காரியரில் செருகிவிடுவேன். நீங்கள் இருக்கைக்கு அடியில் மடித்து வையுங்கள். மீனுக்கு வேறு பை வைத்து, அதை அன்றன்றே கழுவிவிடுங்கள்.

சட்டம் உங்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு தரம் பாவிக்கும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. இலங்கையில் லஞ்ச் சீட்டுக்கும் ஒருவகைப் பைக்கும் 2017 செப்டெம்பரில் தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகவே கொடுக்கக் கூடாது, விலை போட்டுப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். எங்கள் சந்தையில் இன்னும் சும்மாதான் நீட்டுகிறார்கள். வேண்டாம் என்று நாமே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. இப்போது எட்டு வீட்டில் நான் தைத்த பை இருக்கிறது. மற்ற மூன்று வீட்டையும் நான் வற்புறுத்தவில்லை. சிவலையின் கன்று வளர்ந்து நாலு ஈற்று ஈன்றுவிட்டது, அதுவும் தாயைப்போல ரோட்டுக்கரையில் மேயப் போகிற மாடுதான். ஒவ்வொரு மாசியும் அறுவடை முடிந்து அவிழ்த்துவிடுகிற முதல் நாள், அதற்கு முன்னால் ஒரு உரப்பையோடு நான் நடந்து, மதகு வரைக்கும் கிடக்கிற பொலித்தீனைப் பொறுக்குவேன். முதல் வருடம் மூன்று பை நிறைந்தது. போன மாசி அரைப்பை.